அமிர்தி முதல் காவலூர் வரை: ஜவ்வாது மலையின் ஊர்களும் நிலமும்

வேலூருக்குத் தெற்கே சுமார் 25 கிலோமீட்டரில், சமவெளி முடிந்து மலை தொடங்கும் இடத்தில் அமிர்தி இருக்கிறது. கண்ணமங்கலம் பக்கமிருந்து வரும் சாலை இங்கே காட்டுக்குள் நுழைந்து, வளைந்து வளைந்து ஏறி, நம்மியம்பட்டு வழியாக ஜமுனாமரத்தூரை அடைகிறது. ஜவ்வாது மலைக்கு ஏறும் வழிகள் பல. போளூரிலிருந்து ஒன்று, ஆலங்காயத்திலிருந்து ஒன்று, திருப்பத்தூரிலிருந்து புதூர்நாட்டுக்கு ஒன்று. வடகிழக்கு வாசல் அமிர்தி. எந்த வாசலில் ஏறினாலும் மேலே போனதும் நிலம் ஒரே மாதிரிதான்: குன்றுகளுக்கு நடுவே அகன்ற மேட்டுநிலம், அதில் சாமைக் கொல்லைகள், ஓடை ஓரத்தில் சிறு நெல்வயல்கள், பலாவும் புளியும் நிற்கும் சிற்றூர்கள், அவற்றைச் சுற்றிக் காப்புக்காடு.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் உடைந்த துண்டுகளில் ஒன்று இந்த மலை. ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளமும் 32 கிலோமீட்டர் அகலமும் கொண்டது. உச்சிகள் பெரும்பாலும் 1,100 மீட்டரைச் சற்றுத் தாண்டும். மக்கள் வாழும் மேட்டுநிலம் அதைவிடத் தாழ்ந்தது. காவலூர் 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டியின் குளிரும் இங்கே இல்லை, ஏற்காட்டின் காப்பித் தோட்டப் பரப்பும் இல்லை. ஆங்கிலேயர் இதைக் கோடை வாசத்தலமாக்காமல் விட்டதற்கு இந்த நடுத்தர உயரமும் அந்தக் காலத்து மலேரியாவும் போதுமான காரணங்கள். மேல்நாட்டுத் தோட்ட முதலாளிகள் வராததால் நிலம் பெரும்பாலும் மலைமக்கள் கையிலேயே தங்கியது. காப்பித் தோட்டங்களுக்கு நிலம் போன ஏற்காட்டுச் சேர்வராயன் மலையின் கதையோடு ஒப்பிட்டால் இது சிறிய செய்தி அல்ல.

மலையை நடுவே பிளந்து கிழக்கு, மேற்கு என இரண்டாக்குபவை செய்யாறும் அகரம் ஆறும். செய்யாறு தெற்கே இறங்கிச் செங்கத்தைத் தொட்டுக் கிழக்கே திரும்புகிறது. அகரம் ஆறு வடக்கே இறங்கிப் பாலாற்றில் சேர்கிறது. அமிர்திப் பக்கத்து ஓடைகள் நாகநதிக்குப் போகின்றன. படவேட்டுப் பக்கத்திலிருந்து வரும் கமண்டல நதியோடு நாகநதி கூடிக் கமண்டல நாகநதியாக ஆரணியைக் கடந்து செய்யாற்றில் விழுகிறது. செய்யாறும் கடைசியில் பாலாற்றுக்கே போகிறது. ஆக, ஜவ்வாது மலையில் பெய்யும் மழையில் பெரும்பகுதி, எந்தத் திசையில் இறங்கினாலும், முடிவில் பாலாற்றுப் படுகைக்குத்தான். காஞ்சிபுரம் வரையிலான ஏரிகளுக்கும் இந்த மலைக்கும் உள்ள உறவு அப்படிப்பட்டது.

பெர்னான் ப்ரோதெல் என்ற பிரெஞ்சு வரலாற்றாசிரியர், மத்தியதரைக்கடல் உலகம் பற்றி 1949இல் வெளியிட்ட பெருநூலை மலைகளிலிருந்து தொடங்கினார். கார்சிகா, சார்டினியா போன்ற தீவுகளின் மலையூர்களைக் காட்டி, சமவெளி நகரங்களின் அரசும் சமயமும் பணமும் மலை ஏறும்போது வலுவிழந்துவிடுகின்றன என்று வாதிட்டார். கடல் இல்லாவிட்டாலும் ஜவ்வாது மலையும் ஒருவகைத் தீவுதான்; நாற்புறமும் சமவெளி சூழ்ந்த தீவு. ஆனால் ப்ரோதெலின் கூற்று இங்கே பாதிதான் பொருந்தும். அரசும் வரியும் மெதுவாக ஏறின, உண்மை. மலைப்பொருளைத் தேடிய வணிகம் மட்டும் எந்தக் காலத்திலும் தயங்கியதில்லை.

மனிதர் இங்கே வாழ்ந்ததற்கான மிகப் பழைய தடயங்கள் வழவழப்பாகத் தேய்த்த கற்கோடரிகள். புதிய கற்காலத்துக் கருவிகளான இவை, மலைமேல் பல ஊர்களில் உழும்போதும் ஓடையிலும் கிடைத்தவை. கண்டெடுத்தவர்கள் அவற்றை மரத்தடியிலோ ஊர்க்கோயிலிலோ குவித்து வைத்துப் பிள்ளையாராக வழிபடுகிறார்கள். ஆய்வாளர்களுக்கு இது வசதியும் தொல்லையும் ஒருங்கே தருவது: கருவிகள் பத்திரமாக இருக்கின்றன, ஆனால் எந்த மண்ணடுக்கிலிருந்து வந்தவை என்ற தகவல் போய்விட்டது. அந்தக் குறையை ஓரளவு தீர்த்தது அடிவாரத்தில் திருப்பத்தூர்ப் பக்கம் உள்ள பையம்பள்ளி. இந்தியத் தொல்லியல் துறை 1960களில் அங்கே நடத்திய அகழாய்வில் புதிய கற்கால மக்களின் குடியிருப்பும், அதன்மேல் இரும்புக் காலத்துப் பெருங்கற்படைப் பண்பாட்டின் எச்சங்களும் வெளிப்பட்டன. மலையில் கோடரிகளை விட்டுச் சென்றவர்களின் உறவினர் வாழ்ந்த ஊராக அதைக் கொள்வதில் தவறில்லை.

பெருங்கற்காலத்து நினைவுச் சின்னங்கள் மலைமேல் இன்னும் கண்கூடாக நிற்கின்றன. பலகைக் கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, மேலே ஒரு பெரும் பலகையைக் கூரையாக வைத்த கற்திட்டைகள் கீழ்சேப்புளி போன்ற ஊர்களுக்கு அருகே கூட்டமாக உள்ளன. சிலவற்றின் பலகையில் வட்டமாக ஒரு துளை. இவை இறந்தவர்களுக்கான ஈமச் சின்னங்கள் என்பது தொல்லியல் முடிவு. மலைமக்கள் சொல்வது வேறு: முன்னொரு காலத்தில் வாழ்ந்த குள்ளர்கள் கட்டிக்கொண்ட வீடுகள் இவை. உயரம் குறைந்த அறையும் சிறு துளையும் அந்தக் கதையைப் பிறப்பித்திருக்க வேண்டும். இதேபோன்ற கற்திட்டைகள் சார்டினியாவிலும் மால்டாவிலும் உண்டு. தொடர்பே இல்லாத மக்கள், பலகையாகப் பிளக்கும் பாறை கிடைத்த இடத்தில் ஒரே தீர்வை எட்டியிருக்கிறார்கள். கற்திட்டைகளுக்கு உண்மையான ஆபத்து அண்மைக் காலத்தது. புதையல் இருக்கும் என்ற நம்பிக்கையில் தோண்டுவோரும், கட்டுமானத்துக்குப் பலகைக்கல் தேடுவோரும் பலவற்றைக் கலைத்துவிட்டனர்.

எழுத்தில் இந்த வட்டாரம் இடம்பெறுவது சங்க இலக்கியத்தில். பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம், பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடியது. பல்குன்றக் கோட்டத்துச் செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் பரிசில் பெறக் கூத்தர்களுக்கு வழிகாட்டும் நூல் அது. செங்கண்மா இன்றைய செங்கம் என்பதிலும், அதில் வரும் சேயாறு செய்யாறு என்பதிலும் அறிஞர்களுக்குள் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. நவிர மலையைச் சிலர் பர்வதமலை என்பர். தினைப்புனமும் காவல் பரணும் விலங்குகளுக்கு வைத்த பொறியும் மலைவழியின் ஆபத்துகளும் அதில் விரிவாக வருகின்றன. ஜவ்வாது மலையின் தென்சரிவு அந்தப் பாட்டின் நிலப்பரப்புக்குள் அடங்குவது.

அடுத்து வருபவை நடுகற்கள். கி.பி. 6ஆம் நூற்றாண்டு முதல் 10ஆம் நூற்றாண்டு வரை செங்கம், திருப்பத்தூர் பக்கங்களிலும் மலையோர ஊர்களிலும் நடப்பட்ட வீரக்கற்கள் எண்ணிக்கையில் மிக அதிகம். தமிழ்நாடு தொல்லியல் துறை இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972இல் வெளியிட்ட 'செங்கம் நடுகற்கள்' தொகுப்புக்குப் பிறகுதான் இவற்றின் முக்கியத்துவம் பரவலாகத் தெரிந்தது. பெரும்பாலானவை ஒரே நிகழ்ச்சியைச் சொல்கின்றன: மாடுகளைக் கவர வந்தார்கள், அல்லது கவர்ந்த மாடுகளை மீட்கப் போனார்கள், சண்டையில் இன்னார் பட்டார். பல்லவ மன்னரின் ஆட்சியாண்டு முதலில், ஊரும் வீரனின் பெயரும் பின்னால். எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று, தலைவனோடு நின்று கள்ளரைக் கடித்த கோவிவன் என்ற நாய்க்கும் சேர்த்து எழுப்பப்பட்டது. சிம்மவிஷ்ணு, மகேந்திரன் காலத்து வட்டெழுத்து வரலாற்றுக்கே இந்தக் கற்கள் தலையாய சான்று. கோயில் கல்வெட்டுகள் கொடையையும் நிலத்தையும் பேசும் காலத்தில், மலையோரத்தில் செல்வம் என்றால் மாடுதான் என்பதை இவை தெளிவாக்குகின்றன.

பல்லவர், கங்கர், வாணர், நுளம்பர், சோழர் என எல்லை அரசுகள் மாறிமாறி இந்த மலையின் அடிவாரத்தைப் பிடித்தன. 13, 14ஆம் நூற்றாண்டுகளில் மலையின் கிழக்கு மடியில் இருந்த படைவீடு, இன்றைய படவேடு, சம்புவராயர்களின் தலைநகராயிற்று. முப்புறமும் மலை சூழ்ந்த அந்தப் பள்ளத்தாக்கைக் காப்பது எளிது. 1360களில் விசயநகர இளவரசர் குமார கம்பணர் தெற்கே படையெடுத்தபோது சம்புவராயர் ஆட்சி அடங்கிப் போனது. அதன்பின் படைவீட்டு இராச்சியம் என்ற பெயர் விசயநகர ஆட்சிப் பிரிவாகக் கல்வெட்டுகளில் தொடர்ந்தது. மலையின் வடமேற்கே ஆம்பூர்ப் பள்ளத்தாக்கில் 1749இல் ஆற்காட்டு நவாப் அன்வாருதீன் கான் போரில் கொல்லப்பட்டார். தெற்கே செங்கம் கணவாயில் 1767 செப்டம்பரில் ஐதர் அலியின் படையும் ஜோசப் ஸ்மித்தின் ஆங்கிலப் படையும் மோதின. மைசூரிலிருந்து ஆற்காட்டுச் சமவெளிக்கு இறங்க அந்தக் கணவாய் வசதியான வழி. மலையின் இரு பக்கமும் படைகள் நடந்தன. மேலே ஏற எவருக்கும் காரணம் இருக்கவில்லை. அதனால் இந்தப் போர்களின் நூல்களில் ஜவ்வாது மலை வெறும் பின்னணி.

மலைமேல் வாழ்வோர் மலையாளிகள். கேரளத்தோடு அவர்களுக்கு எந்தத் தொடர்பும் இல்லை. பேசுவது தமிழ், பெயருக்குப் பின்னால் பலர் கவுண்டர் என்று இட்டுக்கொள்வார்கள். கொல்லிமலை, சேர்வராயன், கல்வராயன், பச்சைமலை ஆகியவற்றிலும் இதே பெயருடைய மக்கள் உண்டு. எல்லா மலைகளிலும் சொல்லப்படும் பூர்வ கதை காஞ்சிபுரத்திலிருந்து தொடங்குகிறது. ஜவ்வாது மலையின் கதையை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வட ஆற்காடு மாவட்டக் கையேடு பதிவு செய்தது. 1909இல் எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் தொகுதியும் அதை எடுத்தாண்டது. காங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்டார்கள். மறுக்கப்பட்டதும் ஏழு பெண்களைத் தூக்கிச் சென்றார்கள். மீட்கப் புறப்பட்ட ஏழு ஆண்கள் தம்மோடு ஏழு நாய்களையும் கூட்டிப் போனார்கள். நாய்கள் தனியாகத் திரும்பினால் தாங்கள் இறந்துவிட்டதாகக் கொண்டு கருமாதி செய்துவிடும்படி மனைவியரிடம் சொல்லியிருந்தார்கள். பாலாற்றில் வெள்ளம். ஆண்கள் கடந்துவிட்டார்கள், நாய்கள் பாதி ஆற்றிலேயே திரும்பி ஊருக்குப் போய்விட்டன. வேடர்களைக் கொன்று ஊர் திரும்பியவர்களுக்கு, கருமாதி முடிந்து மனைவியர் தாலி அறுத்த செய்தி காத்திருந்தது. செத்தவராகிவிட்டவர்கள் மறுபடி சாதிக்குள் சேர முடியாது. வேடர் குலப் பெண்களை மணந்துகொண்டு ஜவ்வாது மலைக்குப் போய் உழவைத் தொடங்கினார்கள்.

இந்தக் கதைக்குக் கையேடு சக ஆண்டு 1055 என்று, அதாவது கி.பி. 1130களின் தொடக்கத்தை, ஆண்டாகக் கொடுக்கிறது. வாய்மொழிக் கதைக்கு இவ்வளவு துல்லியமான ஆண்டு யாரோ பிற்பாடு சேர்த்ததாகவே இருக்கும். ஆண்டை விட்டுவிட்டாலும் கதையில் பயன் உண்டு. அது சமவெளி உழவரும் காட்டு வேடரும் கலந்த வமிசத்தை ஒப்புக்கொள்கிறது. மலையேறியதற்குப் பஞ்சத்தையோ படையெடுப்பையோ சொல்லாமல் சாதி விலக்கைச் சொல்கிறது. மலை அதற்கு முன் காலியாகக் கிடக்கவில்லை என்பதைக் கற்கோடரிகளும் நடுகற்களும் காட்டுகின்றன. பல நூற்றாண்டுகளில் சிறுசிறு கூட்டங்களாக ஏறியவர்கள் ஏற்கெனவே இருந்தவர்களோடு கலந்து ஒரு மக்களானார்கள் என்று கொள்வதே பொருத்தம்.

ஏறிவந்தவர்கள் உழவர்களாக ஊரைக் கட்டினார்கள். பல ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்ற திருப்பத்தூர்ப் பக்கத்து மூன்று பெயர்களிலும் அந்தப் பழைய அமைப்பு அப்படியே நிற்கிறது. இன்று அவை ஊராட்சிகள். ஊருக்கு ஊர்க்கவுண்டர், நாட்டுக்கு நாட்டார். நிலத் தகராறு, மணமுறிவு, பரிசப் பணம், திருவிழா நாள் எல்லாம் இவர்கள் முன்னிலையில் பேசி முடிக்கப்பட்டன. காவல் நிலையமும் நீதிமன்றமும் அடிவாரத்தில் இருந்த காலத்தில் இது வெறும் சடங்கு அல்ல, நடைமுறை ஆட்சி. இன்றும் பல ஊர்களில் ஊராட்சித் தலைவரும் ஊர்க்கவுண்டரும் தனித்தனி ஆட்கள்.

ஊர்ப் பெயர்களே பழைய நிலவரைபடம். ஜமுனாமரத்தூரும் பலாமரத்தூரும் மரத்தால் பெயர் பெற்றவை. ஜார்த்தான்கொல்லை விளைநிலத்தையும் பீஞ்சமந்தை மாடு கூடும் திடலையும் குறிக்கும். வீடுகள் நெருங்கி நிற்கும். நிலம் ஊரைச் சுற்றிப் பரந்திருக்கும். மண்ணும் மூங்கிலும் கொண்ட சுவர், புல் வேய்ந்த கூரை, தானியம் சேர்த்து வைக்கத் தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய தொம்பை என்பதுதான் அண்மைக்காலம் வரை பழக்கத்தில் இருந்த வீட்டு அமைப்பு. அரசுத் தொகுப்பு வீடுகள் வந்தபின் புல்கூரை அருகிவிட்டது. தொம்பை மட்டும் சில ஊர்களில் கான்கிரீட் வீட்டுக்குப் பக்கத்திலேயே இன்னும் நிற்கிறது. அதை விட்டால் சாமையைப் போட்டு வைக்க வேறு நல்ல இடமில்லை.

சாமைதான் மலையின் தானியம். சரிவுநிலத்தில் ஏர் ஓடாத இடத்தைக் கொத்துக்காடு என்பார்கள். புதர்களை வெட்டிக் காயவிட்டு, எரித்து, சாம்பல் படிந்த மண்ணை மண்வெட்டியால் கொத்தி, முதல் மழைக்குச் சாமையோ தினையோ விதைப்பார்கள். இடையிடையே துவரை, மொச்சை, கடுகு. சில ஆண்டுகள் விளைந்ததும் நிலம் ஓய்வுக்கு விடப்படும். காடு மீண்டும் ஏறிக்கொள்ளும். ஏர் ஓடும் மேட்டுநிலம் உழவுகாடு. அதில் கேழ்வரகும் சாமையும். ஓடை ஓரத்தில் ஈரம் தங்கும் பள்ளங்களில் மட்டும் நெல். ஆனி, ஆடியில் விதைத்த சாமை ஐப்பசி, கார்த்திகையில் அறுவடையாகும். கடினமான உமியை உரலில் குத்தி நீக்குவது பெண்களின் தலையில் விழுந்த வேலை. அரிசி ரேஷனில் கிடைக்கத் தொடங்கியதும் பல வீடுகளில் சாமைச் சோறு குறைந்ததற்கு அரிசி மோகத்தைவிட அந்த உரல்தான் பெரிய காரணம். சிறுதானிய இயந்திரங்கள் வந்தபின், கீழே நகரத்தார் உடல்நலத்துக்காகச் சாமை தேடும் காலத்தில், அதே தானியம் பணப்பயிராகத் திரும்பியிருக்கிறது.

விளைச்சலை விற்க அடிவாரச் சந்தைகள் இருந்தன. ஒடுகத்தூர், ஆலங்காயம், போளூர், கண்ணமங்கலம் என்று எந்தப் பக்கம் ஊர் இருக்கிறதோ அந்தப் பக்கத்துச் சந்தைக்குத் தலைச்சுமையாகவும் கழுதை மேலும் பொருள் இறங்கியது. புளி, பலா, சீத்தாப்பழம், நெல்லி, தேன், ஆடு கீழே போயின. உப்பு, துணி, இரும்பு, கருவாடு மேலே வந்தன. ஒடுகத்தூரின் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை இன்றும் மலை ஆடுகளால்தான் களைகட்டுகிறது. விலையை வைத்தது எப்போதும் கீழே இருந்தவர். முன்பணம் கொடுத்து மகசூலை எழுதி வாங்கும் வழக்கம் கூட்டுறவுச் சங்கம் வந்தபின்னும் முழுதாக ஒழியவில்லை.

மலையின் நிலத்தை உண்மையிலேயே மாற்றியது வனச்சட்டம். சென்னை மாகாணத்தில் வனத்துறை 1856இல் ஹ்யூ கிளெக்ஹார்னை முதல் காப்பாளராகக் கொண்டு தொடங்கியது. அதே ஆண்டு ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை ரயில் ஓடத் தொடங்கியது. சில ஆண்டுகளில் பாதை ஜோலார்பேட்டையைத் தாண்டியது. தொடக்க கால எஞ்சின்கள் விறகில் ஓடின. தண்டவாளத்துக்குக் கட்டைகளும் வேண்டும். பாதையை ஒட்டிய வட ஆற்காட்டுக் காடுகள் வேகமாகத் தேய்ந்தன. சென்னை வனச்சட்டம் 1882இல் வந்தபோது காடு காப்பது என்ற பேச்சுக்குப் பின்னால் இந்த விறகுக் கணக்கும் இருந்தது. சட்டப்படி நில அளவை நடந்து காப்புக்காடுகள் அறிவிக்கப்பட்டன. ஊரும் பட்டா நிலமும் ஒரு கோட்டுக்கு இந்தப் பக்கம், காடு அந்தப் பக்கம். ஓய்வில் விட்டிருந்த கொத்துக்காடு, அளவை நடந்த நேரத்தில் புதர் மண்டியிருந்ததால், காடு என்றே குறிக்கப்பட்டது. சுழற்சியில் இருந்த நிலம் ஒரே நாளில் ஆக்கிரமிப்பாயிற்று. இன்றைய நிலத் தகராறுகளில் பெரும்பாலானவற்றின் வேர் இங்கேதான்.

காட்டுக்குள் போவதற்கு மக்களைத் தடுத்த அதே சட்டம், காட்டுப் பொருளைக் குத்தகைக்கு விட வழி செய்தது. அவற்றுள் பெரிய பொருள் கடுக்காய். மருந்துக் கடையில் கொஞ்சம் போனாலும் அதன் பெரிய வாடிக்கையாளர் தோல் பதனிடும் தொழில்தான். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை தொட்டிகளுக்கு ஆவாரம்பட்டையும் கொன்றைப் பட்டையும் கடுக்காயும் இன்றியமையாதவை. மலையைச் சுற்றித் தோல் நகரங்கள் வளர்ந்ததற்கு ரயிலும் பாலாற்று நீரும் வணிகக் குடும்பங்களும் காரணங்கள் என்பார்கள். கைக்கெட்டும் தொலைவில் பட்டையும் காயும் கிடைத்ததையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1903 வாக்கில் சென்னையில் குரோம் பதனிடும் முறையைச் சோதித்துக் காட்டினார். ஆனாலும் பட்டைமுறை உடனே ஒழியவில்லை. 1970களில் அரைப்பதத் தோல் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்தி, முழுமையாக்கிய தோலையும் காலணியையும் ஊக்குவித்தபின்தான் குரோம் மேலோங்கியது. மலையில் கடுக்காய் பொறுக்கியவர்களின் கூலி குறைந்ததும், பாலாற்றில் குரோமியக் கழிவு சேர்ந்ததும் அதே மாற்றத்தின் இரு விளைவுகள்.

சந்தனத்தின் கதை இன்னும் கசப்பானது. ஜவ்வாது மலை தமிழகத்தின் நல்ல சந்தனக் காடுகளில் ஒன்று. திருப்பத்தூர் அரசு சந்தனக் கிடங்கின் ஏலத்துக்கு வெளி மாநில வணிகர்களும் வந்தார்கள். சந்தன மரம் பக்கத்து மரங்களின் வேரிலிருந்து சத்தை உறிஞ்சி வளரும் பாதி ஒட்டுண்ணி. பழத்தைத் தின்னும் பறவைகள் விதையைப் பரப்பும். மணம் தரும் வைரக்கட்டை நன்றாக ஏறப் பல ஆண்டுகள் ஆகும். மரம் யார் நிலத்தில் முளைக்கும் என்பதைப் பறவைதான் முடிவு செய்கிறது. மைசூரில் திப்பு சுல்தான் 1792இல் இதை அரசுக்கு மட்டுமே உரிய மரமாக அறிவித்தார். சென்னை மாகாணத்திலும் பிற்பாடு தமிழகத்திலும் கட்டுப்பாடுகள் அதே போக்கில் இருந்தன. பட்டா நிலத்தில் தானாக முளைத்த சந்தனத்தைக்கூட உழவர் தம் விருப்பப்படி வெட்டி விற்க முடியவில்லை. மரம் திருடு போனால் விசாரணை மட்டும் அவர் வீட்டு வாசலுக்கு வரும். இந்த நிலையில் யாரும் சந்தனக் கன்றை வளர்க்க விரும்பவில்லை, முளைத்ததைப் பிடுங்கியவர்களும் உண்டு. 2002இல் சட்டம் திருத்தப்பட்டு நிலவுடைமையாளருக்கு மரத்தின் மேல் உரிமை கிடைத்தது. அதற்குள் பல பத்தாண்டுக் கடத்தல் காட்டிலிருந்த பெருமரங்களைத் தீர்த்திருந்தது.

சந்தனம் குறைந்ததும், மரம் வெட்டத் தெரிந்த கைகளைத் தேடிச் செம்மர இடைத்தரகர்கள் மலைக்கு வந்தார்கள். செம்மரம் இங்கே இல்லை. ஆந்திரத்தின் சேஷாசலக் காட்டில் இருக்கிறது. கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த இளைஞர்களில் சிலர், பல மடங்கு கூலிக்கு ஆசைப்பட்டு அந்தக் காட்டுக்குப் போனார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சித்தூர் மாவட்டத்தில் ஆந்திர அதிரடிப் படை சுட்டதில் தமிழகத்தைச் சேர்ந்த 20 பேர் இறந்தார்கள். ஜவ்வாது மலை வட்டாரத்தவரும் அவர்களில் இருந்தனர். மரத்தை வாங்கிய பெருவணிகர் எவரும் அந்தப் பட்டியலில் இல்லை.

சுதந்திரத்துக்குப் பின் மலையாளிகள் பட்டியல் பழங்குடியில் சேர்க்கப்பட்டார்கள். பட்டியல் மாவட்ட வாரியாக எழுதப்பட்டதால் வட ஆற்காட்டு மலையாளிக்குச் சான்றிதழ் உண்டு, ஈரோட்டு மலையாளிக்குக் கிடைக்கவில்லை என்ற விசித்திரமும் சேர்ந்தே வந்தது. உண்டு உறைவிடப் பள்ளிகள், பழங்குடியினருக்கான பெரும்பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம், ஜவ்வாது மலைக்கெனத் தனி ஊராட்சி ஒன்றியம் ஆகியவை ஒவ்வொன்றாக வந்தன. கோவிலூர், வீரப்பனூர், நம்மியம்பட்டு, கானமலை, தென்மலை முதலிய 11 ஊராட்சிகள் அந்த ஒன்றியத்தில் அடங்கும். ஜமுனாமரத்தூர் பின்னர் வட்டத் தலைநகரமும் ஆயிற்று. ஆனால் மலை ஒரே நிருவாகத்தின்கீழ் நிலைக்கவில்லை. 1989இல் வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்தபோது மலையும் பிரிந்தது. 2019இல் வேலூரிலிருந்து திருப்பத்தூர் தனி மாவட்டமானதும் மூன்று கூறாயிற்று. பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்த்தான்கொல்லை ஊராட்சிகள் வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு ஒன்றியத்தில், ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலையில், புதூர்நாடு திருப்பத்தூரில். அடுத்தடுத்த மேட்டில் இருக்கும் இரண்டு ஊர்க்காரர்கள் மனுக் கொடுக்க எதிரெதிர்த் திசைகளில் இறங்க வேண்டியிருக்கிறது.

1960களில் இரு நிறுவனங்கள் மலைக்கு வந்தன. அமிர்தியில், ஆற்றங்கரைக் காட்டில் 25 எக்டேர் அளவில் 1967இல் வனத்துறை சிறு உயிரியல் பூங்கா அமைத்தது. புள்ளிமானும் மயிலும் பார்த்துவிட்டு அருவி வரை நடந்து போய்வருவது வேலூர்க் குடும்பங்களின் ஞாயிற்றுக்கிழமை வழக்கமாயிற்று. மழைக்காலம் கழிந்தால் அருவியில் நீர் மெலிந்துவிடும். அமிர்தி என்றால் பலருக்கு இந்தப் பூங்காதான், அதற்கு மேலே ஊர்கள் இருப்பதே தெரியாது.

மற்றொன்று உலகறிந்தது. வானியலாளர் வைணு பாப்பு, நகர ஒளி படாத, மழைமேகம் குறைந்த, நிலநடுக்கோட்டுக்கு நெருங்கிய இடம் தேடி, காவலூரின் சந்தனக் காட்டைத் தேர்ந்தார். 1968இல் 38 செ.மீ. தொலைநோக்கியோடு வேலை தொடங்கியது. 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. அதே ஆண்டு வியாழனின் துணைக்கோள் கனிமீட் ஒரு விண்மீனை மறைத்ததை அதன்வழி கவனித்து, கனிமீடுக்கு மெல்லிய வளிமண்டலம் இருப்பதற்கான சான்று கண்டார்கள். 1977இல் யுரேனசின் வளையங்களைக் கண்டறிந்த கவனிப்புகளில் காவலூருக்கும் பங்குண்டு. இந்தியாவிலேயே உருவாக்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கியைப் பாப்பு பார்க்கவில்லை, 1982இல் காலமானார். 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி அதைத் திறந்து, ஆய்வகத்துக்கும் பாப்புவின் பெயரையே சூட்டினார். 1988இல் இங்கே கண்டுபிடிக்கப்பட்ட சிறுகோளுக்குக் கணித மேதை இராமானுஜனின் பெயர் வைக்கப்பட்டது. மலை இருட்டாக இருந்ததே அறிவியலுக்கு வாய்ப்பாயிற்று. சுற்றியுள்ள ஊர்களுக்கு மின்விளக்கு தாமதமாக வந்ததையும் அதே இருட்டில் சேர்த்துப் பார்க்கலாம். பாப்பு அதற்குப் பொறுப்பல்ல.

அடிவாரத்துக்கு நீர் தந்த ஆறுகள் இதற்கிடையே வறண்டன. நாகநதியில் ஆண்டின் பெரும்பகுதி மணல்தான். கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் வேலூர்ப் பக்கத்து ஊர்களின் பெண்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து, ஓடைகளில் தடுப்பும் நீர் மறுவூட்டுக் கிணறுகளும் அமைத்தார்கள். பிரதமரின் வானொலி உரையில் 2021இல் அந்த வேலை குறிப்பிடப்பட்டது. நூறு நாள் வேலைத் திட்டக் கூலி அதற்குப் பயன்பட்டது. மேலே காடு நிற்காமல் கீழே கிணறு வெட்டிப் பயனில்லை என்பது அந்த வேலையில் ஈடுபட்டவர்களுக்கே நன்றாகத் தெரியும்.

நிலத்தின்மேல் மலைமக்களுக்குச் சட்டப்படி உரிமை கொடுத்தது 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். தமிழகத்தில் அது உடனே நடைமுறைக்கு வரவில்லை. 2008இல் சென்னை உயர்நீதிமன்றம் இட்ட இடைக்கால ஆணையால் உரிமைப் பட்டங்களை வழங்க நீதிமன்ற அனுமதி தேவைப்பட்டது. 2016இல் உச்சநீதிமன்றம் அந்தத் தடையை விலக்கியபின்தான் ஜவ்வாது மலையில் பட்டங்கள் பரவலாக வழங்கப்பட்டன. 1882க்குப் பின் கொத்துக்காட்டை இழந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அது கிடைக்க நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. படிப்பிலும் மாற்றம் தெரிகிறது. புலியூரைச் சேர்ந்த மலையாளிப் பெண் ஒருவர் 2024இல் உரிமையியல் நீதிபதியாகத் தேர்வானார்.

தீராமல் நிற்பது சாலை. முதன்மைச் சாலைகளில் பேருந்து ஓடினாலும் பல சிற்றூர்களுக்குக் காட்டுப் பாதைதான். நோயாளியைத் துணியில் டோலி கட்டித் தோளில் தூக்கி இறக்குகிறார்கள். 2023 மே மாதம் அணைக்கட்டுப் பக்கத்து அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை மருத்துவமனை போகும் வழியில் இறந்தது. வண்டி மேலே ஏறாததால் உடலைத் தாய் சுமந்து நடந்தார். சாலை போடத் தடையாகச் சொல்லப்படுவது 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டம்: காட்டு நிலத்தை வேறு பயனுக்கு எடுக்க மத்திய அரசின் அனுமதி வேண்டும். ஆனால் வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு, பள்ளி, மருந்தகம், குடிநீர், சாலை முதலிய 13 வகைத் தேவைகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு எக்டேருக்கு மிகாமல், எக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல், காட்டு நிலத்தை எடுக்க இடம் தருகிறது. அதற்குக் கிராம சபையின் பரிந்துரை வேண்டும். ஒப்புதல் தருபவர் மாவட்ட வன அலுவலர். கோப்பு தில்லிக்குப் போக வேண்டியதில்லை.